ஒரு டீசலுக்கு இரண்டு டர்போ

2004இல் பி.எம்.டபிள்யூ 535டி என்ற காரை வெளியிட்டது. அதற்குள் இருந்தது, ஏற்கெனவே 530டியில் ஓடிக்கொண்டிருந்த 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினின் வழிவந்ததுதான். 530டி 218 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. 535டி 272 குதிரைத்திறனும் 560 நியூட்டன் மீட்டரும் தந்தது. பெரிய மாற்றம் ஒன்றுதான். ஒரு டர்போ இருந்த இடத்தில் சிறிதும் பெரிதுமாக இரண்டு டர்போ வந்தன. பெரியது அழுத்திய காற்றைச் சிறியது வாங்கி மேலும் அழுத்தும்படி தொடராக மாட்டியிருந்தார்கள். போர்க்வார்னர் நிறுவனம் செய்து கொடுத்த ஏற்பாடு அது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2011இல் வந்த புதிய 530டி ஒரே டர்போவை வைத்துக்கொண்டு 258 குதிரைத்திறனும் அதே 560 நியூட்டன் மீட்டரும் தந்தது.

டீசல் காருக்கு இப்படித் தொடராக மாட்டும் காம்பவுண்ட் டர்போ வைக்க நினைக்கிறவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் செய்தி, இரண்டு டர்போ வைத்தால் என்ன கிடைக்கும் என்று காட்டுகிறது. இரண்டாவது, அதில் பெரும்பகுதியை நல்ல ஒற்றை டர்போவே தந்துவிடும் என்று காட்டுகிறது. அப்படியானால் இரண்டு எப்போது தேவை, எந்த இரண்டு, அவற்றை எப்படிச் சேர்ந்து வேலை செய்ய வைப்பது? இந்தக் கேள்விகளுக்கான விடையை டர்போ விற்பவரின் பட்டியலில் தேடத் தொடங்குவதுதான் பெரும்பாலான பட்டறைத் திட்டங்கள் கெட்டுப்போகக் காரணம் என்பது என் கருத்து. தேர்வு சிலிண்டருக்குள்ளிருந்து தொடங்க வேண்டும். அது சரியா தவறா என்பதை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம் சொல்லும்.

சைலன்சர் வழியே வீணாகப் போகும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கொண்டு ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸரால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவது டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பல், ரயில், லாரி என்று போய், 1978இல் மெர்சிடிஸ் 300 எஸ்.டி வழியாக அது டீசல் காருக்கு வந்தது. கப்பல் எஞ்சின் மணிக்கணக்கில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும். அதற்கு ஒரு டர்போவை அளவெடுத்தாற்போல் பொருத்திவிடலாம். கார் எஞ்சின் 1,200 சுற்றுக்கும் 4,500 சுற்றுக்கும் இடையே நாள் முழுக்க ஏறி இறங்குகிறது. சிறிய டர்போ வைத்தால் கீழே உடனே பிக்கப் கிடைக்கும். மேலே மூச்சு முட்டும். பெரியதை வைத்தால் மேலே இழுக்கும்; கீழே ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

டர்பைனைச் சுற்றித் திரும்பும் இதழ்களை வைத்து இந்தச் சிக்கலை ஓரளவு தீர்த்தார்கள். விஎன்டி என்று பட்டறைகளில் சொல்லப்படும் வகை இது. குறைந்த சுற்றில் இதழ்கள் நெருங்கி வழியைக் குறுக்கும், புகை வேகமாகப் பாயும்; மேலே போகப் போக விரியும். ஃபோக்ஸ்வாகனின் 1.9 டிடிஐ எஞ்சின்களில் 90 குதிரைத்திறன் ஏஎல்எச் வகையும் 110 குதிரைத்திறன் ஏஎஃப்என் வகையும் இப்படிப்பட்ட டர்போவில்தான் ஓடின. ஆனால் இதழ்கள் விரிவதும் சுருங்குவதும் டர்பைன் பக்கத்தில் மட்டுமே. கம்ப்ரஸர் பக்கம் அதே சக்கரம், அதே கூடுதான். ஒவ்வொரு கம்ப்ரஸருக்கும் ஒரு வரைபடம் உண்டு. அதன் இடது ஓரத்தைத் தாண்டினால் காற்று பின்னுக்கு உதைக்கும், அது சர்ஜ். வலது ஓரத்தைத் தாண்டினால் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் மேற்கொண்டு காற்று போகாது. அழுத்த விகிதம் 3ஐத் தாண்டும்போது இந்த இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். காம்பவுண்டுக்கான நியாயம் பிறக்கிற இடம் அதுதான்: கம்ப்ரஸர் பக்கத்தின் அகலம்.

இரண்டு டர்போ என்றாலே காம்பவுண்ட் என்று நினைத்துவிடக் கூடாது. வி வடிவ எஞ்சின்களில் பக்கத்துக்கு ஒன்றாக வைப்பது வெறும் பங்கீடு, அழுத்தம் பெருகாது. 1986இல் வந்த போர்ஷே 959இல் முதலில் ஒன்று, பிறகு பக்கவாட்டில் இன்னொன்று சேர்ந்துகொள்ளும். அதிலும் இரண்டும் ஒரே வெளிக்காற்றைத்தான் இழுக்கின்றன. காம்பவுண்டில் மட்டுமே முதல் கம்ப்ரஸர் கொடுத்த காற்றை இரண்டாவது வாங்குகிறது, விகிதங்கள் பெருக்கப்படுகின்றன. இரண்டு மடங்கை இரண்டால் பெருக்கினால் நான்கு.

இது போர் விமானங்களிலிருந்து வந்த அறிவு. உயரத்தில் காற்று மெலிந்துவிடும். தரைமட்ட அழுத்தத்தை எஞ்சினுக்குக் கொடுக்கவே மூன்று, நான்கு மடங்கு அழுத்த வேண்டும். ரோல்ஸ் ராய்ஸில் ஸ்டான்லி ஹூக்கர் தலைமையில் உருவான மெர்லின் 61 எஞ்சின் இரண்டு நிலை சூப்பர்சார்ஜரும் குளிர்விப்பானும் கொண்டு 1942இல் ஸ்பிட்ஃபயர் ஒன்பதாம் வகையில் பறந்தது. பின்னாளில் லாரி, டிராக்டர் இழுவைப் போட்டி, அமெரிக்க பிக்கப் வண்டிகள் என்று பரவி, கடைசியாகக் காருக்கு வந்தது.

இனி ஒரு கணக்கு. பட்டறைகளில் அதிகம் கைவைக்கப்படும் 1.9 டிடிஐயையே எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 1,896 சிசி. 4,000 சுற்றில், நிரம்பும் திறன் 90 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 3.4 கன மீட்டர் காற்றை அது விழுங்கும். உள்ளே காற்று 60 டிகிரியில், 2.2 பார் முழு அழுத்தத்தில் (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து) இருந்தால் எடை நிமிடத்துக்கு 7.9 கிலோ. ஒரு கிலோ டீசலுக்கு 20 கிலோ காற்று என்ற புகையில்லாத கணக்கில் இது 145 குதிரைத்திறன் அளவுக்குப் போதும். அழுத்தத்தை 4 பார் ஆக்கினால் காற்று 14.3 கிலோ, குதிரைத்திறன் 265ஐத் தொடும்.

இந்த 4 பாரை ஒரே கம்ப்ரஸரால் கொடுக்கப் பார்த்தால், அந்த விகிதத்தில் அதன் திறன் 60 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். 27 டிகிரியில் உள்ளே போன காற்று ஏறக்குறைய 270 டிகிரியில் வெளியே வரும். அதையே இரண்டு, இரண்டாகப் பிரித்து, இரண்டு கம்ப்ரஸரையும் 74 விழுக்காடு திறன் உள்ள இடத்தில் ஓடவிட்டால் கடைசியில் வரும் சூடு 230 டிகிரி. நடுவில் ஒரு இன்டர்கூலர் வைத்து 60 டிகிரிக்கு இறக்கிவிட்டால் 160 டிகிரி. காற்றை அழுத்தச் செலவாகும் சக்தியும் அதே அளவில் குறைகிறது: நடுவில் குளிர்விக்காமலே ஆறில் ஒரு பங்கு, குளிர்வித்தால் நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சக்தி எல்லாம் டர்பைன்கள் புகையிலிருந்து பிடுங்க வேண்டியது. குறைந்த சக்தி போதும் என்றால் எஞ்சினின் முதுகில் ஏறும் அழுத்தமும் குறையும்.

இதைவிட அழகான விஷயம் சிறிய டர்போவுக்கு நடப்பது. தனியாக இருந்தபோது அதன் கம்ப்ரஸர் நிமிடத்துக்கு 8 கிலோ காற்றோடு திணறியது. இப்போது அதன் வாய்க்கு வருவது 2 பாருக்கு ஏற்கெனவே அழுத்தப்பட்ட காற்று. எடை இரட்டிப்பு, இடம் பாதி. சூட்டுக்கான திருத்தத்தையும் சேர்த்தால் 14.3 கிலோ காற்று அந்தச் சக்கரத்துக்கு 8.2 கிலோவாகத்தான் தெரியும். அதே பழைய டர்போ, அதே வரைபடத்தில், ஏறக்குறைய அதே புள்ளியில் நின்றுகொண்டு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காற்றைக் கடத்துகிறது. கம்பெனி பொருத்திய டர்போவையே உயர் அழுத்த நிலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பழகிய கைகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சூடான காற்றில் அதே வரைபடப் புள்ளியை அடைய, தண்டு 14 விழுக்காடு கூடுதல் வேகத்தில் சுற்ற வேண்டும். வரைபடத்தில் எழுதியுள்ள வேகம் குளிர்ந்த காற்றுக்கானது என்பதை மறந்து ஓட்டினால், எல்லைக்குள் இருப்பதாக நினைக்கும் டர்போ உண்மையில் எல்லையைத் தாண்டியிருக்கும். அலுமினியச் சக்கரம் ஒரே நேரத்தில் வேகத்தையும் 200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் தாங்குகிறது. கம்ப்ரஸர் சக்கரம் வெடித்த கதைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. நடு இன்டர்கூலரை நான் ஆதரிப்பது பவருக்காக மட்டுமல்ல, இந்தச் சக்கரத்துக்காகவும்தான். கார்க் கம்பெனிகள் பெரும்பாலும் இடமில்லை என்று அதை விட்டுவிட்டன. அவர்களால் விகிதத்தைக் கட்டுக்குள் வைக்க முடிந்தது.

இதுவரை எல்லாம் காற்றின் பக்கம். இப்போது சிலிண்டருக்குள் பார்த்தால் அந்த 265 குதிரைத்திறன் கனவு கலைந்துவிடும்.

1.9 டிடிஐயின் அமுக்க விகிதம் 19.5. உள்ளே 4 பார் காற்றை விட்டு, ஒரு துளி டீசலும் தெளிக்காமல் பிஸ்டன் மேலே ஏறினாலே, உச்சியில் அழுத்தம் ஏறக்குறைய 220 பார் ஆகும். கார் டீசல்களில் மிக உறுதியானவையே எரிந்த பிறகான உச்சத்துக்கு 200 பாரை ஒட்டித்தான் வடிவமைக்கப்படுகின்றன. 1990களில் வார்த்த ஒரு பிளாக்கிடம் எரிவதற்கு முன்பே 220 கேட்பது நடக்காத காரியம். ஹெட் போல்ட்டுகளைத் தடிமனாக்கலாம், கேஸ்கெட்டை மாற்றலாம். பிஸ்டன், கனெக்டிங் ராடு, பேரிங் எல்லாம் வரிசையில் காத்திருக்கும். அமுக்க விகிதத்தை 16.5க்கு இறக்கினால் அதே 4 பாருக்கு 176. 14க்கு இறக்கினால் 141. மஸ்டா 2012இல் தன் 2.2 லிட்டர் ஸ்கைஆக்டிவ் டீசலில் 14.0 விகிதத்தையும் இரண்டு நிலை டர்போவையும் ஒன்றாகக் கொண்டுவந்தது தற்செயல் அல்ல. 535டி எஞ்சினிலும் விகிதம் 16.5க்கு இறக்கப்பட்டிருந்தது. அழுத்துகிற வேலையில் ஒரு பகுதியைப் பிஸ்டனிடமிருந்து எடுத்து டர்போவிடம் கொடுத்தால்தான் இரண்டு டர்போவுக்கு வேலை இருக்கும். மிகவும் இறக்கினால் குளிர்காலக் காலையில் எஞ்சின் எடுக்காது. மஸ்டா அதற்கென்று எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றுத் திறந்து சூடான புகையைத் திரும்ப உள்ளே இழுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. பட்டறையில் அது முடியாது. ஆகவே 16.5க்கும் 17க்கும் இடையே நிற்பதுதான் புத்திசாலித்தனம். பிஸ்டன் தலையில் உள்ள கிண்ணத்தைக் கடைந்து பெரிதாக்குகிறவர், நான்கு கிண்ணமும் ஒரே கொள்ளளவு என்பதை எண்ணெய் ஊற்றி அளந்து பார்க்காமல் எஞ்சினை மூடக் கூடாது.

இந்தக் கணக்குகளை வைத்துக்கொண்டு நான் 1.9 லிட்டர் எஞ்சினுக்குச் சொல்லும் எல்லை 3.2 பார் முழு அழுத்தம். 16.5 விகிதத்தில் வெறும் அமுக்கம் 141 பார்; மேலே எரிதலுக்கு இடம் இருக்கிறது. காற்று நிமிடத்துக்கு 11.4 கிலோ, குதிரைத்திறன் 210ஐ ஒட்டி. இதையே தற்காலத்து நல்ல விஎன்டி ஒன்று தனியாகக் கொடுத்துவிடுமே என்று கேட்டால், கொடுக்கும். ஆனால் அதன் பூஸ்ட் 2,300 சுற்றைத் தாண்டித்தான் முழுசாக வரும். காம்பவுண்டில் 1,500இலேயே சிறியது எழுந்துவிடும். உச்சக் குதிரைத்திறனுக்காக இரண்டு டர்போ வைப்பது பணத்துக்கும் உழைப்புக்கும் கேடு. 1,500இலிருந்து 4,200 வரை ஒரே சீரான இழுவை வேண்டும் என்பவருக்கு, வண்டியில் சுமை ஏற்றுகிறவருக்கு, டிரெய்லர் இழுக்கிறவருக்கு அது பொருத்தம்.

தேர்வுக்கு வருவோம். சிறியதைத் தேர்ந்தெடுப்பது வண்டி எந்தச் சுற்றில் வாழ்கிறது என்பதைப் பொறுத்தது. கம்பெனி விஎன்டி15 அல்லது அதற்கு அடுத்த விஎன்டி17 இந்த எஞ்சினுக்குத் தோதானவை. பெரியதற்குத் தேவை, 11 அல்லது 12 கிலோ காற்றை இரண்டு மடங்குக்கு அருகே, வரைபடத்தில் திறன் அதிகமுள்ள நடுப்பகுதியில் கடத்தும் கம்ப்ரஸர். கேரெட்டின் ஜிடி28 குடும்பத்தில் அப்படிப்பட்டவை உண்டு. பி.எம்.டபிள்யூ தன் 3 லிட்டருக்குக் கேபி39ஐச் சிறியதாகவும் கே26ஐப் பெரியதாகவும் வைத்தது. பெரியது எப்போது எழும் என்று கவலைப்பட வேண்டாம். கீழ்ச்சுற்றில் அது சும்மா சுழன்றுகொண்டிருந்தால் போதும். அந்தச் சுதந்திரத்தில் மயங்கி அளவுக்கு மீறிப் பெரியதை வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மொத்தம் 3.2 வேண்டும் என்றால் சரிபாதிப் பங்கு தலா 1.8 அளவு. முதல் நிலைக்குக் குளிர்ந்த காற்று கிடைப்பதால் அதன் தலையில் கொஞ்சம் கூடுதலாக ஏற்றி 1.9, பின்னது 1.7 என்று வைப்பது நல்லது. பெரியதன் டர்பைன் கூடு அகலமாகிப்போனால் அது 1.3 மட்டுமே தரும், மீதி 2.5ஐச் சிறியது சுமக்க வேண்டும், அதுவும் சூடான காற்றில், கூடுதல் வேகத்தில். வெளியே பார்த்தால் பூஸ்ட் மீட்டர் கேட்ட எண்ணையே காட்டும். உள்ளே சிறியது செத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே டர்போக்களைவிட அவற்றுக்கு நடுவே உள்ள வால்வுதான் முக்கியம் என்பேன். சிறிய டர்பைன் மேல்சுற்றில் புகைக்கு ஒரு அடைப்பு. அதைச் சுற்றிப் போக ஒரு தாராளமான வழி வேண்டும். அந்த வழி சைலன்சருக்குப் போகாமல் பெரிய டர்பைனின் வாய்க்குப் போக வேண்டும். அப்போது திறந்துவிட்ட புகையின் சக்தி வீணாகாமல் பெரியதற்கு வேலையாகும். 535டியில் இது படிப்படியாக நடக்கிறது. ஏறக்குறைய 1,500 சுற்று வரை எல்லாக் கதவுகளும் மூடியிருக்கும், புகை முழுவதும் சிறியதன் வழியே போகும். அங்கிருந்து 3,250 வரை டர்பைன் பக்கத்துக் கதவு மெல்ல மெல்லத் திறக்கும். 3,250க்கு மேல் கம்ப்ரஸர் பக்கக் கதவும் திறந்து சிறியது விலகிக்கொள்ளும். 4,200ஐ ஒட்டி, மிஞ்சும் புகையை டர்பைனைச் சுற்றி விடும் வேஸ்ட்கேட் பெரியதில் திறக்கும். அந்தக் கம்ப்ரஸர் பக்கக் கதவு சரியாக மூடாமல் போனால் சிறியது அழுத்திய காற்று சுற்றிவந்து தன் வாய்க்கே திரும்பும். கீழ்ச்சுற்றில் இழுவை செத்து, காற்று மட்டும் சூடாகும். பழைய 535டிகளில் பிக்கப் இல்லை என்ற புகார் வந்தால் டர்போவைக் கழற்றுவதற்கு முன் அந்தக் கதவைப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

பட்டறையில் இத்தனை கதவு வைக்க வேண்டியதில்லை. சிறியது கடைசிவரை வேலை செய்யும் எளிய தொடர் ஏற்பாடு, 3.2 பார் எல்லைக்குள் சரியாகவே ஓடும். ஆனால் மேனிஃபோல்டில் வெளி வேஸ்ட்கேட் ஒன்றை வைத்து, அதன் குழாயைப் பெரிய டர்பைனுக்குக் கொண்டுபோவதை விட்டுவிடக் கூடாது. விஎன்டி இதழ்களை முழுக்க விரித்தாலும் 11 கிலோ காற்றின் புகைக்கு அந்த வழி போதாது.

போதுமா போதாதா என்பதைக் கணித்துச் சொல்வதைவிட அளந்து சொல்வது மேல். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளையிட்டு ஒரு எஃகுக் குழாயைப் பொருத்தி, அதை நாலைந்து சுற்றுச் சுருளாக வளைத்து, சூடு ஆறிய முனையில் ரப்பர் குழாயை மாட்டி மீட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். சுருள் இல்லாவிட்டால் ரப்பர் முதல் ஓட்டத்திலேயே உருகிவிடும். இரண்டு கம்ப்ரஸருக்கு நடுவே இன்னொரு மீட்டர், எஞ்சின் வாயில் மூன்றாவது. சிறிய டர்பைனுக்கு முன்னால் கே வகை வெப்ப இணையைத் திருக வேண்டும். பெரியதற்குப் பின்னால் வைத்தால் இரண்டு டர்பைன் சூட்டைத் தின்ற பிறகான எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

மேனிஃபோல்டு அழுத்தம் பூஸ்டுக்குச் சமமாக இருந்தால் மிக நன்று. ஒன்றரை மடங்கு பொறுக்கலாம். இரண்டு மடங்கு என்றால் தேர்வு தவறு. ஒவ்வொரு கூடுதல் பாருக்கும் இந்த எஞ்சின் 4,000 சுற்றில் 6 கிலோவாட்டுக்கு மேல், அதாவது எட்டு, ஒன்பது குதிரைத்திறனைப் புகையை வெளியே தள்ளுவதற்கே செலவிடும். வெளியேறாத புகை சிலிண்டரில் தங்கி அடுத்த முறை வரும் காற்றின் இடத்தையும் சூட்டையும் கெடுக்கும்.

குழாய் வேலையைப் பற்றி இரண்டு சொல். 2 பாருக்கு மேல் பூஸ்ட் ஏறும்போது சாதாரண கிளிப்பு போட்ட ஹோஸ் பிடுங்கிக்கொள்ளும். குழாய் முனையில் வளையம் எழுப்பி, டி போல்ட் கிளாம்பு போட வேண்டும். எண்ணெய் விஷயம் இதைவிடக் கவனிக்கத்தக்கது. உயர் அழுத்த டர்போவின் இரு பக்கங்களிலும், கம்ப்ரஸர் முதுகிலும் டர்பைன் முதுகிலும், தனி டர்போ பார்த்திராத அழுத்தம் நிற்கிறது. அது தண்டின் வளையங்களைத் தாண்டி எண்ணெய் இறங்கும் குழாய்க்குள் கசியும். கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறும். பெரியதன் எண்ணெயும் இறங்க வழியின்றி நின்று, சீல் வழியே ஒழுகும். பலரும் டர்போ போய்விட்டது என்று முடிவுகட்டும் நீலப் புகைக்குக் காரணம் பெரும்பாலும் இந்த இறங்கு குழாய்தான். இரண்டுக்கும் தனித்தனியாக, தடித்த, எங்கும் மேலே வளையாத குழாய் வேண்டும். கிராங்க் கேஸ் மூச்சுக் குழாயையும் பெரிதாக்க வேண்டும்.

ட்யூனிங்கில் டீசல் கடைசி. முதலில் கம்பெனி அளவு டீசலிலேயே ஓட்டி, காற்று ஒழுகவில்லை, பூஸ்ட் ஏறி இறங்கித் தள்ளாடவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஏஎல்எச்சின் கம்ப்யூட்டர் ஒரே பூஸ்ட் எண்ணைப் பார்த்து, என்75 வால்வு வழியே இதழ்களை அசைக்கிறது. பெரியது திடீரென எழும்போது மொத்த பூஸ்ட் துள்ளும்; கம்ப்யூட்டர் இதழ்களை விரிக்கும்; பூஸ்ட் விழும்; மறுபடி மூடும். அந்தத் திருத்தத்தின் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சுற்றுக்குமான இதழ் நிலையை முதலிலேயே எழுதிவைத்து, திருத்தத்துக்குச் சிறு இடம் மட்டும் விட்டால் துள்ளல் அடங்கும். கம்பெனி பூஸ்ட் சென்சார் 2.5 பாருக்கு மேல் எண்ணாது. 4 பார் சென்சார் மாற்றி, அதற்கான அளவுகோலையும் கம்ப்யூட்டரில் மாற்றாவிட்டால் மேலே நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது.

பிறகு டீசல். 3.2 பார் காற்றுக்கு 4,000 சுற்றில் ஒரு தெளிப்புக்கு 70 மில்லிகிராம் அளவு தேவை. கம்பெனி 90 குதிரைத்திறனுக்குத் தெளிப்பது இதில் பாதிக்கும் குறைவு. 10 மில்லிமீட்டர் பிளஞ்சர் பம்பும் பழைய நாசிலும் அந்த அளவை நீட்டி நீட்டித்தான் கொடுக்க முடியும். அதற்குள் பிஸ்டன் கீழே போய்விடும்; பின்னால் எரிவது பவராகாமல் புகையாகவும் சூடாகவும் போகும். 11 மில்லிமீட்டர் பம்பும் பெரிய துளை நாசிலும் இங்கே ஆடம்பரம் அல்ல. டர்பைன் முன்சூடு நீடித்த இழுவையில் 750 டிகிரியை ஒட்டி, கணநேரத்துக்கு 800 என்று வைத்துக்கொள்ளலாம். அலுமினியப் பிஸ்டன் உலோகம் 580 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். அதைக் காப்பது அடியில் பீய்ச்சும் எண்ணெய் மட்டுமே.

கீழ்ச்சுற்றில் அடக்கம் தேவை. 1,600 சுற்றிலேயே பூஸ்ட் நிரம்பிவிடுவதால் அங்கேயே முழு டீசலையும் தெளிக்கும் ஆசை வரும். கனெக்டிங் ராடை வளைப்பது 4,000 சுற்றல்ல, இந்த 1,600தான். ஏஎல்எச் எஞ்சின் வந்த கார்கள் பலவற்றின் மேனுவல் கியர் பெட்டி எம்க்யூ250 குடும்பம். பெயரில் உள்ள 250 அது தாங்க வேண்டிய நியூட்டன் மீட்டர். நாம் பேசும் எஞ்சின் 370ஐத் தாண்டும். 2,000 சுற்று வரை முறுக்குவிசையைச் சரிவாக ஏற்றி, அதற்கு மேல் சமமாக விடுவது ராடுக்கும் கிளட்சுக்கும் கியருக்கும் சேர்த்துச் செய்யும் நன்மை.

புகை வடிகட்டியும், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இஜிஆரும் உள்ள வண்டிகளில் அவற்றைப் பிடுங்கிப் போட்டுத்தான் காம்பவுண்ட் வைக்க முடியும் என்றால் அதை வைக்கவே கூடாது. அந்தக் கரி மற்றவர்களின் நுரையீரலுக்குத்தான் போகிறது. ஜெர்மனியில் இப்படிப்பட்ட மாற்றத்தை ஆய்வுக்குக் காட்டி வண்டி ஆவணத்தில் பதிய வேண்டும். இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தத் தடை விதிக்கிறது. பந்தயக் களத்துக்கும் தனியார் நிலத்துக்கும் வெளியே இது ஓட்டுநரின் காப்பீட்டையே தொடும் விஷயம்.

கம்பெனிகளோ இந்தப் பாதையில் உச்சிக்குப் போய்த் திரும்பிவிட்டன. பி.எம்.டபிள்யூ 2012இல் மூன்று டர்போவோடு 381 குதிரைத்திறன், 2016இல் நான்கு டர்போவோடு 400 குதிரைத்திறன், 760 நியூட்டன் மீட்டர் என்று ஏறியது. 2020இல் அந்த எஞ்சினை நிறுத்தியது. ஆடி 2016இல் எஸ்க்யூ7இல் 48 வோல்ட் மின்மோட்டாரால் சுழலும் கம்ப்ரஸரைச் சேர்த்து, கீழ்ச்சுற்றுக் காத்திருப்பை வேறு வழியில் தீர்த்தது.

மீண்டும் நம் பட்டறை வண்டிக்கு வருவோம். சாலைக்கு இறக்குவதற்கு முன் அதன் கம்ப்யூட்டரில் இன்னும் ஒரு பட்டியலைத் திருத்த வேண்டும்: உயரத்துக்கான பூஸ்ட் வரம்பு. இதுவரை சொன்ன விகிதமெல்லாம் கடல்மட்டக் கணக்கு. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே வெளிக்காற்று 0.72 பார்தான். அதே 3.2 பாரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் மொத்த விகிதம் 4.4 ஆகும், இரண்டு தண்டுகளும் எல்லையைத் தாண்டிச் சுழலும். கம்பெனிப் பட்டியல் பழைய ஒற்றை டர்போவுக்காக எழுதியது. விகிதம் 3.3ஐத் தாண்டாதபடி அதைப் புதிதாக எழுதினால் ஸ்டெல்வியோ உச்சியில் முழு அழுத்தம் 2.4 பாரில் நிற்கும், டீசலும் அதற்கேற்பக் குறையும். அது எழுதப்படும்வரை அந்த வண்டியை மலைப்பாதைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.